சுண்ணாம்பு தடவாத குற்றம்

‘சேஸோன்’ என்றால் பிரெஞ்சில் பருவம். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் பகுதியின் பண்ணைகளில், குளிர்காலத்தில் தயாரித்து வைத்துக் கோடையில் வயலாட்களுக்குக் கொடுத்த பியருக்கு அந்தப் பெயர். புதுச்சேரியில் மருமகன் வாங்கித் தந்தார். முதலில் நாரத்தை இலைக் கசப்பு. அது ஹாப்ஸ் பூவின் வேலை. பிறகு மிளகுக் காரம், லேசான புளிப்பு, ஏராளமான நுரை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நுரையும் புளிப்பும் நமக்குப் புதிதா? நம் கள்ளில் இல்லாததா?

அவர்கள் ஊர்க் குடியானவன் குடித்தது இன்று கனவான்கள் பானம். நம் குடியானவன் குடித்தது குற்றம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. எல்லை தாண்டினால் காரைக்காலில் அதே கள் கடையில் கிடைக்கிறது. திருப்பனந்தாளின் பெயரிலேயே பனை. அருணஜடேசுவரர் கோயில் தலமரமும் பனை. மாநில மரமும் பனை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், கேட்பாரில்லை. தடவாமல் இறக்கினால் கள், போலீஸ் வரும்.

கலப்படம் செய்வார்கள் என்கிறார்கள். பாலிலும்தான் தண்ணீர் கலக்கிறார்கள். பாலைத் தடை செய்தோமா? கலந்தவனைப் பிடியுங்கள். குடும்பம் கெடும் என்கிறார்கள். அப்படியானால், 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கை 2003 முதல் டாஸ்மாக் கடை திறந்து அரசே விற்பானேன்? கள்ளின் போதை பியர் அளவுதான்.

முழு மதுவிலக்கு கொண்டுவந்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அதற்கு மனமில்லையென்றால், பனையேறியின் கலயத்தை மட்டும் உடைக்காதீர்கள்.