கஞ்சா மயக்கமும் ஓவியப் பார்வையும்

1840களில் பாரிஸின் பிமோதான் மாளிகையில் கூடிய எழுத்தாளர்களும் ஓவியர்களும் கஞ்சாப் பசை உண்டார்கள். நிறங்களின் ஒலியே தனக்குக் கேட்டதாக அவர்களில் ஒருவரான எழுத்தாளர் கோத்தியே எழுதினார். ஆனால், அங்கே போய்வந்த போதலேர், அந்த மயக்கம் மனிதனுக்கு அவனையே பெருக்கிக் காட்டுகிறது, புதிதாக எதையும் தருவதில்லை என்று 1860இல் வாதிட்டார். அவர் கவிஞர் மட்டுமல்ல, அக்காலத்தின் தேர்ந்த ஓவிய விமர்சகரும்கூட. அவர் சொன்னதே சரி என்பேன். நிறம் கூர்மையாகிறது, நேரம் நீள்கிறது, ஆகவே படத்தை நிதானமாகப் பார்க்க முடிகிறது என்பார்கள். அந்த அனுபவம் பொய்யல்ல. ஆனால் கஞ்சா குறுகியகால நினைவை மழுங்கடிக்கிறது; ஓவியமோ அந்த நினைவை நம்பியே இயங்குகிறது. டெலக்ருவாவின் 1834ஆம் ஆண்டு 'அல்ஜியர்ஸ் பெண்கள்' ஓவியத்தில் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தூண்டி ஒளிர்கின்றன. ஒரு மூலையின் சிவப்பை மனத்தில் பிடித்துக்கொண்டு மறு மூலைக்குப் போகும் கண்ணுக்கே அந்த உறவு முழுதாகப் புலப்படும். மயங்கிய கண் முதல் சிவப்பிலேயே தங்கிவிடுகிறது.