கல்லூரியைத் தேர்வது நாம். நகரத்தைத் தேர்வது யார்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் கலந்தாய்வு குறித்த ஆலோசனைகள் எங்கும் நிறைகின்றன. எந்தக் கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடத்துக்கு வேலைவாய்ப்பு என்பவை விரிவாகப் பேசப்படுகின்றன. எந்த நகரத்தில் தங்கிப் படிப்பது என்ற கேள்வியோ தூரம், செலவு, பெற்றோர் விருப்பம் ஆகிய மூன்று சொற்களில் முடிந்துவிடுகிறது. தலித் மாணவருக்கு அது அவ்வாறு முடிவதில்லை. அந்த நகரத்தில் அரசு விடுதியில் இடம் உண்டா, இல்லையெனில் சாதி கேட்காமல் அறை தருவார் எவரேனும் உண்டா, மாலையில் பகுதிநேர வேலை கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே கல்லூரியின் தரம் என்ற பேச்சு தொடங்குகிறது. இந்தத் தடைகள் கலந்தாய்வுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அதனால் இவற்றால் இழக்கப்படும் இடங்கள் ‘மாணவரின் சொந்த விருப்பம்’ என்றே பதிவாகின்றன.

ஊரை விட்டு நகரத்துக்கு

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றிய குரல்களைக் கடுமையாக மறுத்தார். சாதியின் பிடி கிராமத்தில்தான் இறுகியுள்ளது என்பதை வாழ்ந்து அறிந்தவர் அவர். ஆனால் நகரம் தன்னளவில் விடுதலை தந்துவிடும் என்ற மயக்கமும் அவருக்கு இருக்கவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று 1917இல் திரும்பிய அவர், பரோடா அரசுப் பணிக்குச் சென்றபோது தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்க நேர்ந்தது. உண்மை தெரிந்ததும் தடிகளுடன் வந்த கும்பல் அவரை வெளியேற்றியது. உலகின் மிகச் சிறந்த பல்கலைக்கழகங்களின் கல்வியால்கூட ஓர் இந்திய நகரத்தில் அவருக்கு ஓர் அறையைப் பெற்றுத் தர இயலவில்லை.

சொந்த ஊருக்கு அருகிலேயே படிக்கலாமே என்போர் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவர் தம்முடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டதை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அதன் பின்னரே நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை அளிக்கப்பட்டது. பேருந்திலும் வகுப்பறையிலும் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தால் சாதி அறியப்படும் வட்டாரத்திலிருந்து வெளியேற விரும்பும் மாணவரின் முடிவை வெறும் நகர மோகம் என்று ஒதுக்குவது அநீதி. அவருக்கு அது பாதுகாப்புக் குறித்த முடிவு.

ஒரு படுக்கையின் விலை

இந்த வெளியேற்றத்தைப் பல பத்தாண்டுகளாகச் சாத்தியமாக்கியவை அரசு ஆதிதிராவிடர் நல விடுதிகள். நம்மில் வழக்கறிஞராக, ஆசிரியராக, அலுவலராக ஆன பலர் அவ்விடுதிகளின் பிள்ளைகள். 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் அனைத்தும் ‘சமூகநீதி விடுதிகள்’ எனப் பெயர் மாற்றப்பட்டன. பெயரை நாம் வரவேற்கிறோம். எனினும் கல்லூரி மாணவர் ஒருவரின் உணவுக்கு மாதம் 1,500 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 50 ரூபாய் என்ற கணக்கில் சமூகநீதியை எவ்வளவு பரிமாற முடியும் என்பதையும் கேட்க வேண்டியுள்ளது.

விடுதியில் இடம் கிடைக்காதவரின் கணக்கு இன்னும் கடினமானது. ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தில், பொதுவான இளங்கலைப் படிப்பு மாணவருக்கான பராமரிப்புத் தொகை விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். பிறருக்கு 3,000 ரூபாய். வெளியே அறை எடுப்பவர் விடுதி மாணவராக ஏற்கப்படாவிட்டால் அவருக்குக் கிடைப்பது மாதம் 250 ரூபாய்தான். அது சென்னைக்கும் கோவைக்கும் சிறு நகரத்துக்கும் ஒரே தொகை. தமிழ்நாட்டில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாயைச் சேர்த்தாலும் பெருநகரத்தில் ஒரு படுக்கையின் வாடகைக்கு அது ஈடாகாது. வாடகை வேறுபடும் நாட்டில் ஒரே உதவித்தொகை என்பது, பெருநகரக் கல்லூரிகளின் கதவை ஏழை மாணவருக்கு ஓசையின்றிச் சாத்துவதாகும்.

‘ஊரா, காலனியா?’

பணம் இருந்தாலும் அறை கிடைப்பதில்லை என்பது அடுத்த தடை. வீட்டு உரிமையாளர் எவரும் இன்று நேரடியாகச் சாதியைக் கேட்பதில்லை. ‘சொந்த ஊர் எது?’ என்பார், அடுத்து ‘ஊருக்குள்ளா, காலனியா?’ என்பார், அல்லது ‘சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்’ என்று பலகையிலேயே எழுதிவிடுவார். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வாடகைச் சந்தையில் அச்சொல் இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. டெல்லியிலும் அதன் சுற்றுநகரங்களிலும் சுகதேவ் தோரட்டும் பிற ஆய்வாளர்களும் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு இதை நிறுவியது. ஒரே தகுதியுடைய வீடு தேடுவோரில், பெயரால் அறியப்பட்ட தலித்துகளும் அவர்களைவிட அதிகமாக முஸ்லிம்களும் மறுக்கப்பட்டனர்.

பெண் மாணவர்களுக்கு இச்சுமை இரட்டிப்பாகிறது. பாதுகாப்பான விடுதி உறுதியாகாத நகரத்துக்குக் குடும்பம் அனுப்பாது. அவ்வாறு கைவிடப்படும் இடம் எந்தக் கணக்கிலும் வராது.

நகரமே விலகிச் செல்லும்போது

சென்னை சட்டக் கல்லூரியின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. உயர்நீதிமன்றத்தை ஒட்டி நூறாண்டுகளுக்கு மேல் இயங்கிய அக்கல்லூரி, 2008 நவம்பர் மோதலுக்குப் பின் அமைக்கப்பட்ட ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, மாணவர் எதிர்ப்பையும் மீறி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் மாற்றப்பட்டது. முதல் தலைமுறைச் சட்ட மாணவருக்கு நகரம் என்பது நீதிமன்ற அறைகளில் நின்று வாதம் கேட்பது, மூத்த வழக்கறிஞர் அலுவலகத்தில் மாலையில் கோப்பு எடுத்துக் கொடுத்துக் கற்பது, இரவில் ஏதேனும் வேலை பார்த்துச் சாப்பாட்டுக்கு வழி செய்வது ஆகிய அனைத்தும் சேர்ந்தது. தந்தையோ மாமனோ வழக்கறிஞராக உள்ளவருக்கு அவை வீட்டிலேயே உண்டு. கல்லூரி நகரத்தை விட்டு அகன்றபோது இழந்தவர் யார் என்பதை விளக்கத் தேவையில்லை.

சட்டத்தில் உள்ள ஆயுதங்கள்

அரசமைப்பின் 19(1)(உ) உறுப்பு நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கும் உரிமையை அளிக்கிறது. ஆனால் அது அரசுக்கு எதிரான உரிமை. தனியார் மறுப்புக்கு எதிராகக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955 உள்ளது. அதன் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு ஒன்றில் குடியிருப்பதற்குத் தீண்டாமையின் பெயரால் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. 5ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான விடுதிகளில் அனுமதி மறுப்பதையும், அனுமதித்த பின் பாகுபாடு காட்டுவதையும் தண்டிக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையிலேயே செய்யப்பட்டது என நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. வாடகை மறுப்பும் இச்சொற்களுக்குள் அடங்கும் என்பதே நம் வாதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 3(1)(zc) பிரிவு, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாக்குகிறது. 15(2) உறுப்பில் வரும் ‘கடைகள்’ என்ற சொல்லுக்கு 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த விரிந்த பொருளையும் நாம் பயன்படுத்த வேண்டும்.

தடைகளையும் மறைக்கக் கூடாது. 1955 சட்டத்தின் அபராதம் இன்றும் 100 முதல் 500 ரூபாய்தான். பார்சியருக்கு மட்டும் எனக் கட்டுப்படுத்திய வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் சாதியால் வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய தடை சான்று: ‘வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்’ என்ற ஒரு வரியில் உரிமையாளர் தப்பிவிடுகிறார்.

செய்ய வேண்டியவை

சான்றை உருவாக்குவது மாணவர் அமைப்புகளால் இயலும். மறுக்கப்பட்ட அதே அறைக்கு, அதே நாளில், வேறு சமூகத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கேட்டுப் பார்க்கட்டும். பேச்சைக் குறுஞ்செய்தியில் நடத்துங்கள். அழைப்புப் பதிவுகளை அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவைச் சான்றாக்கப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் தேவை என்பதால் அசல் கைபேசியைப் பாதுகாத்து வையுங்கள். புகாரை எழுத்தில் அளித்து ஒப்புகை பெறுங்கள்.

அரசிடம் நம் கோரிக்கைகள் ஐந்து. வாடகைச் சட்டத்தில் சாதி, மதப் பாகுபாட்டைத் தடை செய்யும் பிரிவைச் சேர்க்க வேண்டும். கலந்தாய்வு தொடங்கும் முன்பே ஒவ்வொரு நகரத்திலும் உள்ள அரசு விடுதிகளின் காலியிடங்களை வெளியிட வேண்டும். கல்லூரி ஒதுக்கீட்டுடன் விடுதி ஒதுக்கீட்டையும் இணைக்க வேண்டும். விடுதி கிடைக்காத மாணவருக்கு அந்நகரத்தின் வாடகைக்கேற்ற உதவித்தொகை வழங்க வேண்டும். கல்லூரிகளை நகருக்கு வெளியே மாற்றும் முன் அதனால் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு நேரும் பாதிப்பை ஆய்வு செய்து வெளியிட வேண்டும்.

2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டுத் திறந்த வெளியில் கூடாரமிட்டுத் தங்கினர். அந்த இடத்துக்கு அவர்கள் ‘வெளிவாடா’, அதாவது சேரி, என்று பெயரிட்டனர். பல்கலைக்கழகத்துக்குள்ளும் ஊர், சேரி எனும் பிரிவினை உண்டு என்பதை அப்பெயர் அறிவித்தது. இந்த ஆண்டு விருப்பப் பட்டியலை நிரப்பும் நம் இளையோர், படுக்கைக்கு அஞ்சித் தம் முதல் விருப்பத்தைக் கீழே தள்ளிவிட வேண்டாம். அந்த நகரத்தில் உள்ள மாணவர் அமைப்புகளையும் வழக்கறிஞர்களையும் முதலில் தொடர்பு கொள்ளுங்கள். இடம் தேடித் தருவதும், மறுக்கப்பட்டால் வழக்குத் தொடுப்பதும் நம் அனைவரின் கூட்டுப் பொறுப்பு.