பாட்டிக்கு ஏசிக்கு முன்னால் ஒரு நல்ல கூரை

பாப்பகுரா பக்கம் குளிர்காலக் காலையில் கார் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டியிருக்கிறீர்களா? வானிலை ஆப் 2 டிகிரி என்று காட்டும். ஆனாலும் கண்ணாடியில் ஐஸ். காரணம், மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது.

இதை நடுப்பகலில் செய்ய முடியுமா? முடியும் என்று 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமன், சான்ஹுய் ஃபான் குழு காட்டியது. வெள்ளியின் மேல் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்கான் டையாக்சைடும் மாறி மாறி 7 அடுக்குகள்; மொத்தமே 2 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அது சூரிய ஒளியில் 97 சதவீதத்தைத் திருப்பிவிடும். தன் வெப்பத்தை 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வெளிவிடும். அந்த அலைநீளத்தைக் காற்று மண்டலம் பெரிதாகத் தடுக்காது. நேரடி வெயிலிலும் அது சுற்றியுள்ள காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்தது, மின்சாரமே இல்லாமல்.

ராமன் கனடாவில் வளர்ந்தவர். கோடையில் மும்பையில் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போவாராம். அவர்களுக்கு ஏசி வாங்கச் சொல்லி வற்புறுத்தினாராம். நம்ம கதைதான்! மதுரையில் எங்கள் பாட்டிக்காக நானும் அப்பாவிடம் அதே சண்டை போட்டிருக்கிறேன்.

இன்று என் கருத்து வேறு. ஏசி, வீட்டுச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. ஏசி வாங்க முடியாத பக்கத்து வீட்டுக்காரர்தான் அதையும் சேர்த்துத் தாங்க வேண்டும். நல்ல கூரையோ அதை விண்வெளிக்கே அனுப்பிவிடும். எனவே முதலில் கூரை, பிறகு ஏசி.

பாட்டி வருடாவருடம் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பார். நான் சிரித்திருக்கிறேன். தப்பு. அதுவும் வெயிலைத் திருப்புகிறது, வெப்பத்தை வெளிவிடுகிறது. மழையில் கரைவதும் தூசியில் மங்குவதும்தான் அதன் குறை. நானோ அடுக்குக்கும் குறை உண்டு: விலை அதிகம், சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் நீராவி அந்த வழியை ஓரளவு அடைத்துவிடும்.

ஆனால் 2021-இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேரியம் சல்ஃபேட் நுண்துகள் கலந்த வெள்ளைப் பெயிண்டே 98.1 சதவீத ஒளியைத் திருப்பியது. பெயிண்ட் என்றால் எந்தக் கொத்தனாரும் அடிக்கலாம்.

இங்கே இன்ஜினியரிங் படிக்கப் போகிறவர்களே, இதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது: தூசி படிந்தாலும் மங்காமல், சுண்ணாம்பு விலைக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட். அதை நம்மில் ஒருவர் ஏன் செய்யக்கூடாது?