அனுபவம் ஆணையாகுமா?

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடிவரும் நாளில் எங்கள் திருமுல்லைவாயில் வீதிகள் நிரம்பி வழியும். மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், இவ்வூர்க் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது பெரும்பேறு என்பது இந்துப் பெருமக்களின் நம்பிக்கை. இச்சை, ஞானம், கிரியை என்னும் முச்சக்திகளாக அவர்களைப் போற்றுவர். அத்தகைய நாளொன்றில் நம் பங்கு மக்கள் இருவர் என்னிடம் வந்தனர். "இதெல்லாம் பேய் வழிபாடு, சாமி" என்றார் ஒருவர். "அங்கே அம்மன், இங்கே மாதா, எல்லாம் ஒன்றுதான் சாமி" என்றார் மற்றவர். இருவருமே தவறினர் என்பது என் துணிபு.

முன்னவருக்கு முதலில் விடை கூறுவேன். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக அறிவித்துவிட்டது. அயர்லாந்தின் பழங்குடிகள் பிரிஜித் என்னும் தேவதையை வணங்கினர். கவிதை, மருத்துவம், கொல்லுத் தொழில் ஆகியவற்றுக்குரிய ஒரே பெயருடைய மூன்று சகோதரியராக அவளைப் பழைய ஐரிஷ் சொற்களஞ்சியம் ஒன்று குறிக்கிறது. அதே பெயரைத் தாங்கிய கில்டேர் நகர்ப் புனித பிரிஜித்தாளின் மடத்தில் கன்னியர் அணையாநெருப்பைக் காத்துவந்தனர் எனப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆசிரியர் ஒருவர் எழுதிவைத்துள்ளார். அம்மக்களின் ஏக்கத்தை அங்குத் திருச்சபை மிதித்து அணைத்துவிடவில்லை. அண்டை வீட்டாரின் பக்தியைப் பேயென்பவர் அவர்தம் கண்ணீரை ஒருநாளும் கண்டவரல்லர்.

பின்னவருக்கும் ஒரு சொல். கில்டேர்ப் புனிதை தேவதையாகவில்லை. கிறிஸ்துவின் ஊழியக்காரியாகவே நின்றாள். மரியாளை இறைவனின் தாய் என்று 431-இல் எபேசு சங்கம் போற்றியதும் அவர் ஈன்ற மகனின் இறைத்தன்மையைக் காக்கவே. அதற்கு முன்பே, மரியாளுக்கு அப்பம் படைத்து வழிபட்டோரைப் புனித எப்பிபானியுஸ் வன்மையாகக் கண்டித்தார். எல்லாம் ஒன்றென்பது பெருந்தன்மைபோல் தோன்றும். ஆயினும் அது கொடியிடையம்மனின் அடியாரையும் அறியாது, நாசரேத்தூர்க் கன்னியையும் அறியாது.

இவ்விரண்டினும் கொடிய நோய் வேறொன்று உண்டு. "மாதா என்மேல் இறங்கினாள்" என்று சொல்லிப் பெண்ணொருத்தி குறி கூறத் தொடங்கியதை நான் பணியாற்றிய ஊரொன்றில் கண்டேன். "உன் பிள்ளையின் காய்ச்சலுக்குப் பக்கத்து வீட்டாளின் பொறாமையே காரணம்" என்றாள். இருபது ஆண்டு நட்பு ஒரே மாலையில் முறிந்தது. பிள்ளைக்கு மருந்தும் நின்றது. நான் தடுத்தபோது, "எனக்கு அனுபவம் உண்டு, உங்களுக்குப் படிப்புத்தானே உண்டு?" என்று கேட்டாள். படிப்பு அருளாகாது என்பது மெய்யே. ஆனால் அனுபவமும் ஆணையாகாது.

குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்தில் 1990 ஜனவரியில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலேயத் துறவி பீடு கிரிபித்ஸ் பக்கவாதத்தால் தாக்குண்டு, சாவுக்கு ஆயத்தமாகிக் காத்திருந்தார். அப்போது 'தாயிடம் சரணடை' என்றோர் உந்துதல் அவருள் எழ, அன்பு வெள்ளமாய்ப் பெருகி அவரை ஆட்கொண்டது. அத்தாயில் கருநிற மரியாளையும் மண்ணன்னையையும் அவர் ஒருங்கே உணர்ந்தார். அவருடைய இறையியல் விளக்கங்கள் அனைத்தையும் நான் ஏற்பவனல்லன். ஆயினும் அவர் அவ்வனுபவத்தைக் கொண்டு எவரையும் அச்சுறுத்தவில்லை; எக்குடும்பத்தையும் பிரிக்கவில்லை. 1993-இல் இறக்கும்வரை அன்பைப் பற்றியே பேசினார்.

காட்சிகளைப் பற்றிக்கொள்ளாதே என்று புனித சிலுவை அருளப்பர் கற்பித்தார். பிறரன்பில் வளர்கிறோமா என்பதையே புனித அவிலா தெரேசா அளவுகோலாக வைத்தார். 2024-இல் உரோமை வெளியிட்ட புதிய நெறிமுறைகளும், இத்தகைய நிகழ்வுகளில் விளையும் ஆன்மிகக் கனிகளை ஆயர்கள் ஆராய்ந்தறியுமாறு பணிக்கின்றன.

ஆகவே, அன்பர்களே, உங்கள்மேல் யார் இறங்கினார் என்று நான் கேட்கமாட்டேன். எழுந்தபின் யார் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள் என்றே கேட்பேன். மரியாள் வானதூதரின் சொல்லைப் பெற்றபின் குறி சொல்ல அமரவில்லை. மலைநாட்டுக்கு விரைந்து சென்று, கருவுற்றிருந்த முதியவளுக்குத் துணைநின்றாள்.