நேராகப் பதித்தாலே போதும்



நீண்ட பதிவுதான். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் நிலத்துக்குக் கல் பதிக்க யோசிப்பவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

வெள்ளாங்குளத்திலிருந்து விடத்தல்தீவு, மன்னார் வரை ஏ32 வீதியோரம் வீடுகள் மாறிக்கொண்டு வருகின்றன. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பிறகு காடு வெட்டித் திரும்பவும் குடியேறிய சமூகம் நாம். பக்கத்து ஊர்த் தமிழ் உறவுகளும் எல்லாம் இழந்து திரும்பியவர்களே. 2012இல் வேலை தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் உதவியோடு எத்தனையோ குடும்பங்கள் சுமார் 550 சதுர அடியில் வீடு கட்டின. அன்று சீமெந்து நிலமே பெரும் பாக்கியம். இன்று வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளின் காசில் அதற்கு மேல் இயற்கைக் கல் ஏறுகிறது. மாஷா அல்லாஹ், சந்தோசம்தான்.

ஆனால் கல்லை எந்தக் கோலத்தில் பதிப்பது என்று வரும்போது நாம் வீட்டைப் பார்ப்பதில்லை. ஃபோனில் வந்த படத்தைப் பார்க்கிறோம், அடுத்த வீட்டைப் பார்க்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் மீன்முள் கோலம் கேட்கிறோம். எமது வீடுகளுக்கு நேராகப் பதிப்பதே பெரும்பாலும் சிறந்தது என்பது எமது கருத்து. காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது கணக்கு. நேராகப் பதிக்க, வெட்டுக்கும் உடைவுக்கும் நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாகக் கல் எடுப்பது வழக்கம். மூலைவாட்டாகச் சாய்த்துப் பதித்தால் 15 வீதம் வேண்டும். மீன்முள்ளுக்கும் அதற்குக் குறையாது. 550 சதுர அடிக்கு நேரில் 55 சதுர அடி கூடுதல், சாய்வில் 82 அடிக்கு மேல். இந்த 27 சதுர அடி வித்தியாசத்தில் ஒரு சின்னக் குளியலறையின் நிலத்தை முடித்துவிடலாம். சுவரோரம் முழுக்க முக்கோணமாக வெட்டும் கூலி வேறு. கடைசியில் அந்தத் துண்டுகள் கொல்லைப்புறத்தில் குவிந்து கிடக்கும். வீண்விரயத்தைப் பற்றி பயானில் கேட்டால் தலையாட்டுகிறோமே, அது இதுவும்தான்.

இரண்டாவது, கல்லின் குணம். கடப்பாக் கல்லோ கோட்டாக் கல்லோ பளிங்கோ, ஒரு துண்டைப் போல இன்னொரு துண்டு இருக்காது. நிறமும் ரேகையும் ஏற்கெனவே அதில் கோலம் போட்டிருக்கின்றன. ரேகை நிறைந்த கல்லை மீன்முள்ளாக அடுக்கினால் இரண்டு கோலமும் மோதிக் கண்ணைக் குழப்பும். ஒரே நிறமான அமைதியான கல்லுக்குத்தான் அந்த வேலைப்பாடு எடுபடும்.

சாய்வாகப் பதிப்பதற்கும் நியாயம் உண்டு. சிறிய அறை சற்று அகலமாகத் தெரியும், சுவர் கோணலாக இருந்தால் அது மறையும். ஆனால் கோணலை மறைக்க முன் அளந்து பாருங்கள். ஒரு சுவரில் 3 அடி, மறுசுவரில் 4 அடி குறித்துக் குறுக்கே பிடித்தால் 5 அடி வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் படிப்பிக்கும் பைதகரஸ் தேற்றம்தான். நல்ல மேசன்மார் இதைச் செய்துதான் நூல் பிடிக்கிறார்கள். கோணல் கொஞ்சமென்றால் வெட்டிய கற்களைக் கட்டில், அலுமாரி மறைக்கும் சுவர்ப்பக்கம் ஒதுக்கிவிடலாம்.

கையால் வெட்டிய கல்லென்றால் அளவு ஒன்றுக்கொன்று கூடிக் குறையும். நாலு மூலையும் ஒரு புள்ளியில் சந்திக்காது. அப்போது செங்கல் கட்டு மாதிரி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தள்ளிப் பதியுங்கள். அகலம் ஒன்றாக இருந்தால் போதும், நீள வித்தியாசம் தெரியாது. குளியலறைக்கும் வுழூச் செய்யும் இடத்துக்கும் சிறிய, மினுக்காத கல் நல்லது. தண்ணீர் ஓட வாட்டம் பிடிக்கலாம், இடைக்கோடுகள் கூடுவதால் வயதானவர்களின் கால் வழுக்காது. வெயில் விழும் விறாந்தைக்கும் முற்றத்துக்கும் கறுப்புக் கல் வேண்டாம், மதியம் கால் வைக்க முடியாது. கஃபாவைச் சுற்றியுள்ள தரையில் கிரேக்கத்தின் தாசோஸ் தீவிலிருந்து வந்த வெண்பளிங்கு பதித்திருப்பதும் வெயிலில் அதிகம் சூடேறாது என்பதால்தான்.

இன்னொன்று. கல்லைச் சாய்த்துப் பதித்தால் கோடு கிப்லாவுக்கு நேராக வரும், ஸப்புக்கு வசதி என்று சிலர் சொல்கிறார்கள். எமது பகுதியிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்குப் பக்கம் சுமார் 22 பாகை திரும்பியிருக்கிறது. கிழக்கு மேற்காகக் கட்டிய வீட்டில் நேர்க்கோடு மேற்கைக் காட்டும், 45 பாகை சாய்த்த கோடு வடமேற்கைக் காட்டும். கிப்லா ஏறத்தாழ இரண்டுக்கும் நடுவில். இரண்டு கோடும் உதவாது. திசை பார்த்து முஸல்லாவை விரித்தால் போதும், அதற்காகக் கல்லை வெட்ட வேண்டியதில்லை.

மிச்சமாகும் காசை எதில் போடலாம்? அடித்தளத்தில். முருங்கன், துணுக்காய்ப் பக்கத்துக் கறுப்புக் களிமண் மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். அந்த மண்ணில் அடித்தளம் சரியில்லாவிட்டால் எந்தக் கோலமும் வெடிக்கும். கல்லுக்கும் சுவருக்கும் இடையில் சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். கடல் மணலும் உவர்த் தண்ணீரும் கலந்து பதித்தால் பிறகு கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கடப்பா, கோட்டா, பளிங்கு எல்லாம் சுண்ணாம்புக் குணமுள்ளவை. அசிட் போட்டுக் கழுவினால் மட்டுமல்ல, குசினியில் தேசிக்காய்ப் புளி சிந்தினாலும் மினுக்கம் போகும். சீலர் பூசுங்கள்.

பதிக்க முன் எல்லாப் பெட்டியிலும் இருந்து கல்லைக் கலந்து எடுத்து, சீமெந்து இல்லாமல் ஓர் அறையில் பரப்பிப் பாருங்கள். பார்க்கும்போது வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். அந்த நிலத்தைத் தினமும் கூட்டித் துடைக்கப்போவது பெரும்பாலும் அவர்கள்தான். கோலம் எது என்று கடைசி வார்த்தை சொல்ல அவர்களுக்கே உரிமை அதிகம்.

ஒருமுறை எல்லாம் இழந்தவர்கள் நாம். அழகாகக் கட்டுவோம், அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அடுத்த வீட்டைப் பார்த்துக் கடன்பட்டுக் கட்ட வேண்டாம். அல்லாஹ் எல்லோருடைய வீடுகளிலும் பரகத் செய்வானாக.