சாவிக்கொத்து யார் கையில்?

'சர்வர்' என்றதும் நம் நேயர்களில் பலருக்கு, தோளில் துண்டும் கையில் இட்டிலித் தட்டுமாக ஓட்டலில் ஓடிவரும் மனிதர்தான் நினைவுக்கு வருவார். இந்த வாரம் நாம் சொல்லப்போகிற சர்வரும் ஒருவகையில் அப்படிப்பட்ட ஊழியர்தான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதே அதன் உத்தியோகம். இட்டிலிக்குப் பதிலாக எழுத்தும் படமும் பரிமாறுகிறது, அவ்வளவே வித்தியாசம். எங்கோ ஒரு பெரிய கட்டிடத்தில், இரவு பகல் உறக்கமின்றி ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் அது. இணையத்தளங்கள் எல்லாம் அதன் வயிற்றில்தான் குடியிருக்கின்றன.

அதற்கும் கீழச்சிவல்பட்டிக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் ஒரு நஷ்டத்தில் ஆரம்பித்தது. சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் படித்த பிள்ளைகள் சிலர் ஒரு நல்ல காரியத்தில் இறங்கினார்கள். இவ்வூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளில் கிடந்த பழைய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், மாணவர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகள் ஆகியவற்றைப் படம் பிடித்து ஓர் இணையத்தளத்தில் வைத்தார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன பாட்டனார்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் அவற்றில் இருந்தன. தளத்துக்கு வேண்டிய இடத்தை ஒரு வியாபாரியிடம் வருஷ வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் தளத்தைக் காணோம். வியாபாரி கடையைக் கட்டிவிட்டார்!

"மறுபிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டோம். "வைத்திருக்கிறோம் ஸார், அந்தச் சர்வரிலேயே பத்திரமாக வைத்திருந்தோம்" என்றார்கள். அசல்களைத் தேடி வீடு வீடாகப் போனோம். அதற்குள் இரண்டு வீடுகளை இடித்துத் தூணையும் நிலையையும் விற்றுவிட்டிருந்தார்கள். மற்றொரு வீட்டில் கறையான் நம்மை முந்திக்கொண்டது. மீண்டது பாதிதான்.

"இனி ஒண்டிக்குடித்தனம் வேண்டாம். தனியாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகையை நிறுவிக்கொள்வோம்" என்று சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் யோசனை சொன்னார். வாடகையையும் அவரே ஏற்றுக்கொண்டார். சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பலகையை நிறுவினோம். அதில் நாம் கற்றுக்கொண்டதை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உலகிலுள்ள சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்னும் ஆதார மென்பொருளில் ஓடுகின்றன. 1991இல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவை எழுதி எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' என்ற பெயரில் ஆரம்பித்த இயக்கம் மற்ற அங்கங்களைத் தயாரித்து வந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்பதே இவற்றின் தர்மம். நம் தேசத்திலும் ஸி-டாக் ஸ்தாபனத்தார் சென்னையில் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கினார்கள். 2012இல் தொடங்கிய 'கணியம்' என்ற மின்னிதழ் லினக்ஸ் பாடங்களைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது. ஆகவே இது நமக்கு எட்டாத வித்தை அல்ல.

ஆனால் லினக்ஸ் சர்வரை நேருக்கு நேர் பார்த்தால் சற்றுப் பயமாகத்தான் இருக்கும். கறுப்புத் திரை; அதில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் ஆணையைத் தட்டெழுத வேண்டும். எழுத்து ஒன்று பிசகினாலும் காரியம் கெடும். இந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்ததுதான் கட்டுப்பாட்டுப் பலகை. தளம் சேர்க்க ஒரு பொத்தான், அஞ்சல் பெட்டி திறக்க ஒரு பொத்தான், மறுபிரதி எடுக்க ஒரு பொத்தான் என்று எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கி வைத்திருக்கும்.

செட்டிநாட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீடு நீண்டுகொண்டே போகும். வளவைச் சுற்றிலும் அறைகள்; கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, அதற்குத் தனிப் பூட்டு. முற்றமும் கிணறும் எல்லோருக்கும் பொது. ஒரு சர்வரில் பல தளங்கள் குடியிருப்பதும் இப்படித்தான். ஓர் அறைக்காரர் மற்றோர் அறைக்குள் நுழைய முடியாது. எல்லா அறைகளையும் திறக்கக்கூடிய அதிகாரம் ஒருவருக்கு மட்டும் உண்டு. அவருக்கு லினக்ஸில் 'ரூட்' என்று பெயர். கட்டுப்பாட்டுப் பலகை என்பது அந்த வீட்டின் சாவிக்கொத்து.

இணையம் பொதுமக்களுக்காக நம் நாட்டில் திறக்கப்பட்டது 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று. அடுத்த வருஷமே அமெரிக்காவில் 'ஸி-பேனல்' என்ற பலகை பிறந்துவிட்டது. 1997இல் ஜேமி கேமரன் என்பவர் 'வெப்மின்' என்ற இலவசப் பலகையை வெளியிட்டார். ஸி-பேனலே வியாபாரிகளிடையே வெகுகாலம் கொடி கட்டிப் பறந்தது. 2019இல் அதன் சொந்தக்காரர்கள், கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று திட்டத்தை மாற்றினார்கள். சிறு வியாபாரிகள் பலர் திகைத்துப்போய், காசில்லாத பலகைகளைத் தேட ஆரம்பித்தார்கள். விர்ச்சுவல்மின், ஐ.எஸ்.பி. கான்பிக், சைபர் பேனல், ஹெஸ்டியா ஆகியவை அவ்வாறு பலராலும் நாடப்பட்டவை. நாம் தேர்ந்தெடுத்தது ஹெஸ்டியா. கிரேக்கர்களின் புராணத்தில் வீட்டு அடுப்பைக் காக்கும் தேவதைக்கு அந்தப் பெயர். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்தத் தேர்வு பிடித்திருந்தது.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவதாக, சர்வர் புதிதாக இருக்க வேண்டும். வேறு எதையோ வைத்து ஓட்டிக்கொண்டிருந்த யந்திரத்தின்மேல் பலகையை ஏற்றினால், இரண்டு சமையற்காரர்கள் ஓர் அடுப்பில் சமைத்த கதையாகும். இரண்டாவதாக, எந்த லினக்ஸ் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெஸ்டியாவுக்கு டெபியன் அல்லது உபுண்டு வேண்டும். அதன் ஆயுட்காலம் எவ்வளவு என்பதும் முக்கியம். சென்ட்-ஓ.எஸ். என்ற லினக்ஸை நம்பி எண்ணற்ற பலகைகள் ஓடின; அதன் 8ஆம் பதிப்பு 2021 முடிவோடும், 7ஆம் பதிப்பு 2024 ஜூன் 30ஆம் தேதியோடும் ஆதரவு இழந்தன. ஓட்டை அடைப்பார் இல்லாத கூரையின் கீழ் குடியிருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. மூன்றாவதாக, சர்வருக்கு ஒரு முழுப் பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தேடினால் இந்த யந்திரத்தின் எண்ணே கிடைக்கும்படி முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். நாம் முதல் நாள் இதைச் செய்ய மறந்தோம். பெயர் விலாசம் தெரியாத வீட்டுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தர மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். பெயரைப் பதிந்து மறுநாள் கேட்டதும் இலவசமாகவே கிடைத்தது.

மற்றதெல்லாம் சுலபம். ரூட்டாக உள்ளே சென்று, ஹெஸ்டியாவின் நிறுவல் ஆணைத்தொகுதியை இறக்கி, இயக்கினோம். மின்னஞ்சல் முகவரியையும் சர்வரின் பெயரையும் கேட்டது, சொன்னோம். பிறகு எழுத்துக்கள் அருவி போல் ஓட ஆரம்பித்தன. பக்கங்களைப் பரிமாறும் என்ஜின்-எக்ஸும் அப்பாச்சியும், தகவல்களை அடுக்கி வைக்கும் மரியா டி.பி.யும், தபால்களைக் கையாளும் எக்ஸிமும் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. கால் மணி நேரத்தில் விலாசமும் கடவுச்சொல்லும் திரையில் தோன்றின. கூடியிருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். நாமும் தட்டினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அவ்வளவுதானா என்றால், இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஹெஸ்டியா, 'வெஸ்டா' என்ற பழைய பலகையிலிருந்து கிளைத்தது. வெஸ்டா, ரோமானியர்களின் அடுப்புத் தேவதை. 2018இல் கயவர்கள் வெஸ்டா பலகையைத் தயாரித்தவர்களின் சர்வருக்குள்ளேயே புகுந்து, நிறுவல் ஆணைத்தொகுதியை ரகசியமாகத் திருத்திவிட்டார்கள். புதிதாக நிறுவியவர்களின் கடவுச்சொற்கள் வெளியே கசிந்தன. பூட்டு விற்ற கடையிலேயே கள்ளச்சாவி தயாரான கதை! 2024 அக்டோபரில் சைபர் பேனலில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. ஏறத்தாழ 22,000 சர்வர்கள் ஆபத்துக்கு இலக்காயின. பல சர்வர்களில் கோப்புகளை எல்லாம் மறைமொழியில் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்டார்கள். ஆயிரம் வீடுகளுக்கு ஒரே மாதிரிப் பூட்டு இருந்தால் திருடனுக்கு ஒரு சாவி போதும் அல்லவா?

ஆகையால் பலகையை நிறுவிய அன்றே நான்கு காரியங்கள் செய்தோம். ரூட்டாக நுழையக் கடவுச்சொல் போதாது, சாவிக்கோப்பும் வேண்டும் என்று விதித்தோம். பலகையின் வாயில் எண் 8083. அந்த வாயிலை உலகத்துக்கெல்லாம் திறந்து வைக்காமல், குறிப்பிட்ட சில இடங்களிலிருந்து மட்டுமே அணுகும்படி அடைத்தோம். கடவுச்சொல்லோடு, கைபேசியில் தோன்றும் ஆறிலக்க எண்ணையும் கேட்கும்படி செய்தோம். திருத்தங்கள் வந்தால் தாமதமின்றி ஏற்றுவதற்கு ஒரு பிள்ளையை நியமித்தோம். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு ஏற்றுவது போல் அவர் அதைச் செய்கிறார்.

மறுபிரதி விஷயத்தில் நாம் ஏற்கெனவே சூடுபட்டவர்கள். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.ஹெச். கம்பெனியின் சர்வர் கட்டிடம் ஒன்று தீக்கிரையானது. லட்சக்கணக்கான தளங்கள் அன்று நின்றுபோயின. மறுபிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தார்கள். பலகையில் மறுபிரதிப் பொத்தானை அமுக்கினால் பிரதி தயாராகிவிடுகிறது. ஆனால் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அது அதே சர்வரில்தான் உட்கார்ந்திருக்கும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்குச் சமானம் இது. இப்போது ஒரு பிரதி வேறு தேசத்துச் சர்வருக்குத் தினந்தோறும் போகிறது. மற்றொன்று வன்தட்டில் ஏறி நம் மேஜை இழுப்பறைக்கு மாதந்தோறும் வருகிறது.

நம் வட்டாரத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனி மனிதர், பிறர் அலட்சியம் செய்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் அழைப்பிதழ்களையும் ஆயுள் முழுவதும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் காலமானார். அந்தச் சேகரத்தைக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சேர்த்தவர் போன பிறகும் சேர்த்தது நிலைத்ததற்குக் காரணம், அதைப் பொறுப்பாக ஏற்றுக்கொள்ள அடுத்த கை ஒன்று இருந்ததுதான்.

நம் சர்வரின் விஷயத்தில் நம்மை வாட்டுகிற கேள்வியும் அதுவே. சிங்கப்பூர் அன்பர் வாடகை கட்ட மறந்தால் என்ன ஆகும்? கடவுச்சொல் அறிந்த பிள்ளை வேலை கிடைத்து வெளிநாடு போனால் என்ன ஆகும்? நமக்கே ஓய்வு பெறும் காலம் வருமே! எந்தப் பலகையிலும் இதற்குப் பொத்தான் இல்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். சர்வரின் விலாசம், வாடகை கட்ட வேண்டிய தேதி, தளப் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதி, மறுபிரதியிலிருந்து தளத்தை மீட்கும் முறை ஆகிய அனைத்தையும் நல்ல தமிழில் எழுதினோம். கடவுச்சொற்களை உறையில் இட்டு முத்திரை வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவருடைய இரும்புப் பெட்டியில் ஒப்படைத்திருக்கிறோம். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சாவியைக் காப்பாற்றத் தெரியும்.

சென்ற மாதம் ஒரு சோதனை நடத்தினோம். சிங்கப்பூர் அன்பருக்குச் சொல்லாமல், நோட்டுப் புத்தகத்தை மட்டும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கொடுத்து, வேறொரு வெற்றுச் சர்வரில் தளத்தை எழுப்பும்படி சொன்னோம். இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்தாள். இரண்டும் நாம் சரியாக எழுதாத இடங்கள். சாயங்காலம் மூன்று மணிக்கு ஆரம்பித்தவள், விளக்கு வைக்கும் நேரத்தில், "ஸார், ரங்கூன் கடுதாசி வந்துவிட்டது!" என்று கூவினாள். திரையில் பழுப்பு நிறக் காகிதமும் மைக்கறையும் தெரிந்தன.

தொலைந்த பாதி இன்னும் தொலைந்தபடியேதான் இருக்கிறது. இவ்வூர்ப் பக்கத்துக் கடிதங்களும் கையெழுத்துப் பத்திரிகைகளும் நேயர்கள் யாருடைய பரணிலாவது கிடக்கக்கூடும். கறையானுக்கு முன்னால் நமக்குக் கடனாகக் கொடுத்தால், படம் பிடித்துக்கொண்டு அசலைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.