குழந்தையின் மூச்சை எண்ணுவதும் அரசியல்தான்

அண்ணல் அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த குழந்தைகள் ஐந்து பேர். நான்கு பேர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926 ஜூலையில். எட்டு மாதம் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார் அண்ணல்.

மகாத் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நம்மில் எத்தனை பேருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று தெரியும்? கோபப்படாதீர்கள் தோழர்களே. முதலில் என்னைத்தான் கேட்டுக்கொண்டேன். எனக்கும் தெரியவில்லை.

"பேதி, சளி எல்லாம் என்.ஜி.ஓ. வேலை அண்ணா. நாம அரசியல் பண்ண வந்தவங்க" என்றார் ஒரு தம்பி. அந்தத் தம்பிக்கு என் பதில் ஒரே ஊர்ப் பெயர்தான்: வேங்கைவயல்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் குழந்தைகளுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. குடிதண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே மனித மலம். குற்றத்தை வெளியே கொண்டுவந்தது அந்தக் குழந்தைகளின் நோய். பிறகு 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. சி.பி.ஐ. விசாரணை கேட்டுக் கட்சிகள் குரல் கொடுத்தன. வயிற்றுப்போக்கு அரசியல் இல்லை என்று இனி யார் சொல்வது?

குழந்தைக்குப் பேதி வந்தால் இன்றும் என்ன சொல்கிறார்கள்? "தீட்டு பட்டிருச்சு." "தோஷம்." உச்சிக்குழி உள்ளே போயிருந்தால் "உச்சி விழுந்துருச்சு" என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உச்சிக்குழி உள்வாங்கினால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தைக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீர். தீட்டு மனிதரில் இருக்கிறது என்று சொன்னது சாதி. கிருமி தண்ணீரில் இருக்கிறது என்று சொல்வது அறிவியல். நம்மைத் தள்ளிவைத்த அதே தீட்டுக் கதையை நம் குழந்தையின் நோய்க்கும் காரணமாக நாமே சொல்லலாமா?

ஆகவே இதை மனப்பாடம் செய்யுங்கள். பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது. கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. பேதியை 'நிறுத்தும்' மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். மாதிரியே டப்பாவில் வரும் இனிப்புத் தண்ணீரையும் வாங்காதீர்கள். 1971 வங்கதேசப் போரின்போது பங்கான் அகதி முகாமில் காலரா பரவியபோது, திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடும்பத்தார் கையிலேயே கொடுத்துத்தான் உயிர்களைக் காப்பாற்றினார். நம்மாலும் முடியும்.

அடுத்தது சளி. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ போனாலும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் நிமோனியாவாக இருக்கலாம். நாட்டு மருந்தில் நாள் கடத்தாதீர்கள். பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறது, மலத்தில் ரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108.

"படிக்காத அம்மாக்கள், சுத்தம் தெரியாத காலனி" என்று சிலர் உச்சுக் கொட்டுவார்கள். அவர்களிடம் கேளுங்கள்: ஊருக்குள் வரும் குழாய் காலனிக்கு வராதது அந்த அம்மாவின் படிப்பாலா? குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்தி 2010-இல் வெளியான ஆய்வு, தொடாமல் பார்ப்பதையும் மருந்தைக் கையில் படாமல் கொடுப்பதையும் பதிவு செய்திருக்கிறது. அப்படி ஒரு இடத்துக்கு அம்மா தயங்கித் தயங்கித்தான் போவாள். அந்தத் தயக்கத்தில் போகிற மணி நேரங்கள்தான் குழந்தையைக் கொல்கின்றன. அவள் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த வீட்டில், எந்தத் தேதியில், என்ன நோய், எந்தக் குழாய்த் தண்ணீர். ஒரே வாரத்தில் ஒரே தெருவில் மூன்று குழந்தைகளுக்குப் பேதி என்றால் அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், தண்ணீரைச் சோதிக்க எழுத்தில் மனு கொடுங்கள், தொட்டியில் ஏறிப் பாருங்கள். நம் மக்கள் பயன்படுத்தும் நீரைக் கெடுப்பதும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் வரவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். அந்த வழக்குக்கு உங்கள் நோட்டுதான் முதல் ஆதாரம்.

ஓ.ஆர்.எஸ். கொடுத்துவிட்டு நல்ல தண்ணீர் கேட்காமல் வந்தால் அது தர்மம். நல்ல தண்ணீருக்குக் கோஷம் போட்டுவிட்டு, வற்றிக்கிடக்கும் குழந்தைக்கு ஒரு கரண்டி கரைசல் கொடுக்கத் தெரியாமல் நின்றால் அது வெறும் பேச்சு. வரும் ஏப்ரல் 14 அன்று உங்கள் தெருவில் கொடியேற்றும்போது, ஒரு பானைத் தண்ணீரையும் பத்து ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் பக்கத்தில் வையுங்கள். கரைக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

ஜெய்பீம்.